ஒரு டம்ளர் ரத்தம்

பிறந்து இரண்டு நாள் ஆன ஒரு பாப்பா. எடை 3 கிலோ. அதன் உடம்பில் மொத்தம் எவ்வளவு ரத்தம் ஓடும், சொல்லுங்கள் பார்க்கலாம். ஒரு கிலோ எடைக்கு 80 முதல் 85 மில்லி லிட்டர் என்பது டாக்டர்கள் வைத்திருக்கும் கணக்கு. அப்படியானால் 250 மில்லி லிட்டர். தண்ணீர் குடிக்கிற டம்ளர் ஒன்று நிறையும். அவ்வளவுதான்.

அந்தப் பாப்பாவின் நுரையீரல் வேலை செய்யவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். வெண்டிலேட்டர் வைத்துப் பார்த்தாயிற்று, மருந்தும் கொடுத்தாயிற்று, பலனில்லை. கடைசியாக ஒரு வழி இருக்கிறது. கழுத்தில் ஓடும் பெரிய ரத்தக்குழாயில் ஒரு டியூபைச் செருகி, ரத்தத்தை வெளியே எடுப்பது. கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கும் எந்திரம் அதிலுள்ள கரியமில வாயுவை நீக்கும், ஆக்சிஜனை ஏற்றும், உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவந்து திரும்ப உள்ளே அனுப்பும். நிற்காமல், நாள் கணக்கில். இதற்குப் பெயர் எக்மோ. 2020-ல் பாடகர் எஸ்.பி.பாலசுப்பிரமணியம் சென்னையில் சிகிச்சையில் இருந்தபோது இந்தப் பெயர் அடிக்கடி செய்தியில் வந்தது. உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு நினைவிருக்கும்.

சரி, இந்த எந்திரத்தின் குழாய், பம்பு, செயற்கை நுரையீரல் எல்லாவற்றுக்குள்ளும் இருக்கும் இடத்தைக் கூட்டினால் 300 மில்லி லிட்டர் வருகிறது என்று வையுங்கள். பாப்பாவின் மொத்த ரத்தத்தைவிட அதிகம்! எந்திரத்தைக் காலியாக வைத்து இணைக்க முடியாது. உள்ளே இருக்கும் காற்று ரத்தத்தோடு போய்விட்டால் உயிருக்கே ஆபத்து. முன்கூட்டியே எதையாவது ஊற்றி நிரப்ப வேண்டும். எதை ஊற்றுவீர்கள்?

“சலைன்தான், வேறென்ன!” என்று சொன்னவர்கள் பென்சிலை எடுங்கள். சலைன் என்பது உப்புத் தண்ணீர். பிறந்த பாப்பாவின் ரத்தத்தில் பாதிக்குப் பாதி சிவப்பணுக்கள். மீதிப் பாதி பிளாஸ்மா என்ற வெளிர்மஞ்சள் நீர். 250-ல் பாதி 125 மில்லி. அந்தப் பிளாஸ்மாவில் 100 மில்லிக்கு 3 கிராம் என்ற அளவில் ஆல்புமின் என்ற புரதம் கரைந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்வோம். 125 மில்லியில் 3.75 கிராம். ஒரு டீஸ்பூன் சர்க்கரையின் எடைகூட வராது. இப்போது 300 மில்லி உப்புத் தண்ணீர் வந்து கலக்கிறது. 3.75 கிராம் அப்படியே இருக்க, நீர் மட்டும் 425 மில்லி ஆகிறது. வகுத்துப் பாருங்கள். 100 மில்லிக்கு 0.88 கிராம்! எந்திரத்தை ஓட விட்ட முதல் சில நிமிடங்களிலேயே ஆல்புமின் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும்.

அதனால்தான் சின்னக் குழந்தைகளுக்கு எக்மோ வைக்கும்போது எந்திரத்தை வெறும் உப்புத் தண்ணீரால் நிரப்புவதில்லை. பிறர் தானம் கொடுத்த சிவப்பணுக்கள், பிளாஸ்மா அல்லது ஆல்புமின் என்று கலந்து, பாப்பாவின் சொந்த ரத்தத்துக்கு முடிந்தவரை நெருக்கமாக ஒரு கலவை தயாரிக்கிறார்கள்.

ஆல்புமின் குறைந்தால்தான் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்கத் தோன்றும். அதைத்தான் இன்று பேசப்போகிறோம். பதில் நீங்கள் நினைப்பதைவிடக் கொஞ்சம் குறும்பானது.

ஆல்புமின் தயாராகும் இடம் கல்லீரல். பெரியவர் ஒருவரின் கல்லீரல் தினமும் 10 முதல் 15 கிராம் வரை செய்து ரத்தத்தில் விடுகிறது. 585 அமினோ அமிலங்கள் வரிசையாகக் கோத்த ஒரே சங்கிலி, அது மடிந்து சுருண்டு ஒரு வடிவத்துக்கு வந்தால் ஆல்புமின். பிளாஸ்மாவில் இருக்கும் புரதங்களையெல்லாம் எடை போட்டால் பாதிக்கு மேல் இதுதான். பெரியவர்களுக்கு 100 மில்லிக்கு 3.5 முதல் 5 கிராம் வரை இருக்கும். பிறந்த குழந்தைகளுக்குக் கொஞ்சம் குறைவு.

தண்ணீரில் தானாகக் கரையாத பல பொருட்கள் ஆல்புமினோடு ஒட்டிக்கொண்டுதான் உடம்பு முழுக்கப் போகின்றன. கொழுப்பு அமிலங்கள், பல மருந்துகள் எல்லாம் அப்படித்தான். பிறந்த குழந்தைகளுக்கு உடம்பு மஞ்சளாகுமே, அந்த மஞ்சள் நிறத்துக்குக் காரணமான பிலிருபினையும் ஆல்புமின் பிடித்து வைத்துக்கொள்கிறது. இல்லாவிட்டால் அது மூளைக்குள் போய்க் கெடுதல் செய்யும்.

இன்னொரு வேலை, ரத்தக்குழாய்க்குள் தண்ணீரைத் தக்கவைப்பது. மிகச் சிறிய ரத்தக்குழாய்களான தந்துகிகளின் சுவரில் நுண்ணிய இடைவெளிகள் உண்டு. தண்ணீரும் உப்பும் அதன் வழியே சுலபமாக வெளியே போகும். ஆல்புமின் பெரிய மூலக்கூறு, சுலபத்தில் போக முடியாது. உள்ளே புரதம் அதிகம், வெளியே குறைவு என்று இருக்கும்வரை தண்ணீரும் உள்பக்கமே இழுக்கப்படும். இதை 1896-ல் விளக்கியவர் லண்டனைச் சேர்ந்த எர்னெஸ்ட் ஸ்டார்லிங். ஆல்புமின் குறைந்தால் இந்த இழுவை குறையும். தண்ணீர் திசுக்களுக்குள் கசியும். முகம், இமை, கை, கால் எல்லாம் வீங்கும். நுரையீரலுக்குள்ளும் நீர் கோத்துக்கொள்ளும்.

இப்போது எந்திரத்தின் பக்கம் போவோம். ரத்தத்தை உடம்புக்கு வெளியே எடுத்து ஆக்சிஜன் ஏற்றும் யோசனை ஜான் கிப்பன் என்ற அமெரிக்க டாக்டருக்கு வந்தது. 1930-களின் தொடக்கத்தில், பாஸ்டன் நகரில், நுரையீரல் ரத்தக்குழாயில் கட்டி அடைத்துக்கொண்ட ஒரு பெண்மணியின் அருகில் அவர் இரவு முழுக்க உட்கார்ந்திருந்தார். அந்த அம்மாவின் ரத்தம் கருத்துக்கொண்டே போனது. காப்பாற்ற முடியவில்லை. அந்தக் கருத்த ரத்தத்தை மட்டும் வெளியே எடுத்து ஆக்சிஜன் கொடுத்துத் திருப்பி அனுப்ப முடிந்திருந்தால்? அந்தக் கேள்வி அவரை விடவில்லை. அவரும் மனைவி மேரியும் சேர்ந்து பூனைகளை வைத்துப் பல வருடம் சோதனை செய்தார்கள். மேரி இல்லாமல் அந்த எந்திரம் இல்லை என்பது என் கருத்து. ஆனால் பாடப்புத்தகங்களில் அவர் பெயர் அரிதாகத்தான் வருகிறது. 1953 மே 6-ஆம் தேதி ஃபிலடெல்ஃபியாவில், 18 வயதுப் பெண் ஒருவரின் இதயத்தில் இருந்த ஓட்டையை கிப்பன் அடைத்தார். 26 நிமிடம் அந்தப் பெண்ணின் இதயம், நுரையீரல் இரண்டின் வேலையையும் எந்திரம் செய்தது. அவர் பிழைத்தார். ஆனால் அதற்குப் பிறகு வந்த குழந்தைகள் பிழைக்காததால் கிப்பன் மனம் ஒடிந்து, அந்த ஆபரேஷனையே நிறுத்திவிட்டார்.

அடுத்த வருடம் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் வால்டன் லில்லெஹை என்ற டாக்டர் துணிச்சலாக ஒன்று செய்தார். எந்திரமே வேண்டாம் என்றார். குழந்தையை ஒரு மேசையில் படுக்க வைத்து, பக்கத்து மேசையில் அப்பாவையோ அம்மாவையோ படுக்க வைத்தார். இருவரின் ரத்தக்குழாய்களையும் டியூபால் இணைத்தார். குழந்தையின் இதயத்தைத் திறந்து சரிசெய்யும்வரை அப்பாவின் இதயமும் நுரையீரலும் இரண்டு பேருக்கும் சேர்த்து வேலை பார்த்தன! ஒரே ஆபரேஷனில் இரண்டு பேர் சாகக்கூடிய வைத்தியம் இது என்று மற்ற டாக்டர்கள் பதறினார்கள். 1954, 1955 ஆண்டுகளில் இப்படி 45 பேருக்குச் செய்ததில் 28 பேர் பிழைத்து வீட்டுக்குப் போனார்கள்.

எந்திரத்தைவிட அப்பா ஏன் சிறந்த எந்திரமாக இருந்தார்? அதற்கு ஒரு சோதனை செய்து பாருங்கள். வீட்டில் கேட்டுவிட்டு, ஒரு முட்டையின் வெண்கருவைக் கிண்ணத்தில் விட்டு முள்கரண்டியால் ஐந்து நிமிடம் அடியுங்கள். வெள்ளை நுரை பொங்கும். மறுபடி பழைய வெண்கருவாக அது மாறுகிறதா என்று காத்திருந்து பாருங்கள். முழுதாக மாறாது. வெண்கருவில் இருப்பதும் புரதம்தான், நம் ஆல்புமினிலிருந்து வேறுபட்ட ஒரு புரதம். புரதத்தை நேரடியாகக் காற்று தொடும் இடத்தில், மடிந்து சுருண்டிருந்த அதன் சங்கிலி பிரிந்துவிடுகிறது. பிரிந்த சங்கிலிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன.

கிப்பனின் எந்திரத்தில் ரத்தம் கம்பிவலைகள் மீது மெல்லிய படலமாக வழிந்தபடி ஆக்சிஜனைத் தொட்டது. 1955-ல் லில்லெஹையின் குழுவில் இருந்த ரிச்சர்ட் டிவால் உருவாக்கிய கருவியில் ரத்தத்துக்குள்ளேயே ஆக்சிஜன் குமிழி விட்டார்கள். பிறகு நுரையை அடக்கி, குமிழிகளை நீக்கினார்கள். ஆபரேஷன் முடிகிறவரை, அதாவது சில மணி நேரத்துக்கு, இது தாங்கும். நாள் கணக்கில் ஓட்டினால் ரத்தப் புரதங்கள் கெட்டுப்போகும், சிவப்பணுக்கள் உடையும். நம் நுரையீரலிலோ ரத்தமும் காற்றும் நேரில் சந்திப்பதே கிடையாது. நடுவில் மிக மெல்லிய சுவர் ஒன்று எப்போதும் இருக்கிறது.

அந்தச் சுவரைச் செயற்கையாகச் செய்ய முடியும் என்ற குறிப்பு நுரையீரல் டாக்டரிடமிருந்து வரவில்லை. இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்தபோது, நெதர்லாந்தின் காம்பென் ஊரில் வில்லெம் கொல்ஃப் செயற்கைச் சிறுநீரகம் செய்துகொண்டிருந்தார். இறைச்சியை அடைத்து விற்கும் செல்லோஃபேன் உறைதான் அவருடைய வடிகட்டி. அதன் வழியே போகும் கருத்த ரத்தம் மறுமுனையில் பளிச்சென்று சிவந்து வருவதை அவர் கவனித்தார். உறையைத் தாண்டி ஆக்சிஜன் உள்ளே போயிருந்தது! பிறகு தியோடர் கோலோபோ என்பவர் சிலிக்கோன் சவ்வைச் சுருட்டி நுரையீரல் செய்தார். இன்றைய எந்திரங்களில் முடிபோல மெல்லிய பிளாஸ்டிக் இழைகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். இழைகளுக்கு உள்ளே வாயு ஓடும், வெளியே ரத்தம் ஓடும்.

1975-ல் கலிஃபோர்னியாவின் ஆரஞ்ச் கவுண்ட்டியில், தாயின் வயிற்றுக்குள்ளேயே மலம் கலந்த நீரை உள்ளிழுத்துவிட்ட பெண் குழந்தை ஒன்று மூச்சுக்குத் திணறியது. டாக்டர் ராபர்ட் பார்ட்லெட் அதை எக்மோவில் வைத்தார். தாய் மெக்ஸிகோவிலிருந்து வந்தவர், குழந்தையின் அருகில் அப்போது இல்லை. நர்சுகள் அதற்கு எஸ்பெரான்சா என்று பெயர் வைத்தார்கள். ஸ்பானிய மொழியில் நம்பிக்கை என்று பொருள். எக்மோவால் பிழைத்த முதல் பச்சிளங்குழந்தை அதுதான். பெரியவளாகி பார்ட்லெட்டை நேரில் சந்திக்கவும் செய்தார்.

ஒன்றைக் கவனியுங்கள். எக்மோ எந்த நோயையும் குணப்படுத்துவதில்லை. நுரையீரலுக்கும் இதயத்துக்கும் ஓய்வு கொடுத்து, அவை தாமாகத் தேறிவர அவகாசம் தருகிறது. தேறுகிறவரை ரத்தம் பிளாஸ்டிக்குக்குள் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அங்கேதான் அடுத்த வம்பு.

ரத்தம் பிளாஸ்டிக்கைத் தொட்டதும் முதலில் என்ன நடக்கிறது என்று கண்டுபிடித்தவர்களில் எனக்கு மிகவும் பிடித்த ஆள் லியோ வ்ரோமன். நெதர்லாந்தின் கௌடா நகரில் 1915-ல் பிறந்தவர். 1940-ல் ஜெர்மானியப் படை நுழைந்ததும் பாய்மரப் படகில் ஏறி இங்கிலாந்துக்குத் தப்பினார். அங்கிருந்து இன்றைய இந்தோனேசியாவுக்குப் போக, அங்கே ஜப்பானியர்கள் பிடித்துச் சிறை முகாமில் அடைத்தார்கள். போர் முடிந்து அமெரிக்கா போய், ஏழு வருடம் பிரிந்திருந்த காதலியை 1947-ல் மணந்தார். டச்சு மொழியின் பெரிய கவிஞர்களில் ஒருவர். பகலில் நியூயார்க்கில் ரத்த ஆராய்ச்சி! அறிவியலா, கவிதையா என்று உங்களை யாராவது தேர்ந்தெடுக்கச் சொன்னால் வ்ரோமன் பெயரைச் சொல்லுங்கள்.

ரத்தத்தைத் தொட்ட பரப்பின் மீது ஒளியைப் பாய்ச்சி, அது திரும்பி வரும் விதத்தை அளந்து, அங்கே படியும் கண்ணுக்குத் தெரியாத புரதப் படலத்தை அவர் ஆராய்ந்தார். ரத்தம் பட்ட சில நொடிகளுக்குள் பரப்பு முழுக்கப் புரதம் ஒட்டிவிடுகிறது. முதலில் ஒட்டுவது ஆல்புமின். காரணம் எளிது. எண்ணிக்கையில் அதுதான் அதிகம், உருவமும் ஒப்பிட்டால் சிறிது, ஆகவே சீக்கிரம் போய்ச் சேரும். ஆனால் பிடி தளர்வு. சற்று நேரத்தில் ஃபைப்ரினோஜன் என்ற பெரிய புரதம் வந்து ஆல்புமினைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் அமர்கிறது. அதையும் பின்னால் வரும் வேறு புரதங்கள் தள்ளுகின்றன. இப்படி ஒன்றை ஒன்று தள்ளும் வரிசைக்கு இன்று வ்ரோமன் விளைவு என்றே பெயர்.

யார் உட்கார்ந்தால் என்ன என்கிறீர்களா? ஃபைப்ரினோஜன்தான் ரத்தம் உறைவதற்கான மூலப்பொருள். அது ஒட்டிய இடத்தில் ரத்தத் தட்டணுக்கள் வந்து ஒட்டும். கட்டி உருவாகும். கட்டி செயற்கை நுரையீரலை அடைக்கும், அல்லது உடைந்து உடம்புக்குள் போகும். நர்சுகளும் எந்திரத்தை இயக்கும் பெர்ஃப்யூஷனிஸ்ட்டுகளும் கையில் டார்ச் வைத்துக்கொண்டு குழாய்களை அங்குலம் அங்குலமாகப் பார்ப்பது இதற்காகத்தான். கருப்பாக ஏதாவது ஒட்டியிருக்கிறதா? வெள்ளை நூல்போல ஏதாவது தெரிகிறதா?

வ்ரோமன் கண்ட வரிசையிலிருந்து ஒரு தந்திரம் கிடைத்தது. எந்திரத்தைப் பாப்பாவோடு இணைப்பதற்கு முன்பே ஆல்புமின் கலந்த நீரைக் குழாய்க்குள் ஓடவிட்டால், பிளாஸ்டிக்கின் மேல் ஆல்புமின் படலம் முதலிலேயே படிந்துவிடும். பின்னால் வரும் ஃபைப்ரினோஜனுக்கு இடம் குறைவு. நிரந்தரத் தீர்வு கிடையாது, ஆனாலும் உதவுகிறது.

மீதி வேலை ஹெப்பாரின் என்ற மருந்துடையது. அது ரத்தம் உறையாமல் தடுக்கிறது. 1916-ல் பால்டிமோரில் ஜே மக்லீன் என்ற மருத்துவ மாணவர் நாயின் கல்லீரலில் வேறு எதையோ தேடும்போது தட்டுப்பட்ட பொருளிலிருந்து தொடங்கிய கதை அது. இன்று பன்றியின் குடலிலிருந்து எடுக்கிறார்கள். ஹெப்பாரின் தனியாக ஒன்றும் செய்யாது என்பதுதான் வேடிக்கை. ரத்தத்தில் ஏற்கனவே இருக்கும் ஆன்டித்ராம்பின் என்ற இன்னொரு புரதத்தைத் தூண்டிவிட்டுத்தான் காரியம் சாதிக்கிறது. பிறந்த குழந்தைகளிடம் அந்தப் புரதம் பெரியவர்களில் பாதி அளவுதான் இருக்கும்.

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். எக்மோவிலும் மற்ற தீவிர சிகிச்சையிலும் இருக்கும் குழந்தைகளின் ரத்தப் பரிசோதனை முடிவுகளைத் தொகுத்துப் பார்த்த டாக்டர்கள் திரும்பத் திரும்ப ஒன்றைக் காண்கிறார்கள். ஆல்புமின் மிகவும் குறைந்த குழந்தைகளில் இறப்பு அதிகம். ஓரளவு நல்ல அளவில் இருக்கும் குழந்தைகள் அதிகம் பிழைக்கிறார்கள்.

இதைக் கேட்டதும் யாருக்கும் தோன்றுவது என்ன? குறைந்திருக்கிறது, ஆகவே ஊற்று! பாட்டிலில் ஆல்புமின் கிடைக்கிறதே. கிடைக்கிறதுதான். ஹார்வர்டில் எட்வின் கோன் என்பவர் இரண்டாம் உலகப்போரின்போது மனித பிளாஸ்மாவிலிருந்து அதைத் தனியாகப் பிரித்தெடுக்கும் முறையைக் கண்டார். 1941 டிசம்பரில் பேர்ல் ஹார்பரில் குண்டு விழுந்து தீக்காயம் பட்டவர்களுக்கு அதைக் கொடுத்தார்கள். இன்றும் தானமாக வந்த பிளாஸ்மாவிலிருந்துதான் அது வருகிறது. கிருமிகள் சாக 60 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 10 மணி நேரம் வைப்பார்கள். அவ்வளவு நேரச் சூட்டில் புரதம் வெந்து கெட்டியாகிவிடாதா? ஒரு சிறிய கொழுப்பு அமிலத்தைச் சேர்த்துவிடுகிறார்கள். ஆல்புமின் அதைப் பிடித்துக்கொண்டால் அதன் மடிப்பு உறுதியாகி, சூட்டைத் தாங்குகிறது.

ஆக, எடுத்து ஊற்றிவிடலாம். அதற்கு முன் ஒரு கேள்வி. உங்கள் தம்பிக்குக் காய்ச்சல். பாதரசத் தெர்மாமீட்டர் 103 காட்டுகிறது. அதை எடுத்து உதறினால் எண் மளமளவென்று இறங்கும். தம்பியின் காய்ச்சல் இறங்குமா?

ஆல்புமின் ஏன் குறைகிறது என்று பார்த்தால் இந்தக் கேள்வியின் காரம் புரியும். கடும் நோய்த்தொற்று வந்ததும் கல்லீரல் தன் வேலைத் திட்டத்தையே மாற்றிக்கொள்கிறது. ஆல்புமின் உற்பத்தியைக் குறைத்துவிட்டு, சி.ஆர்.பி., ஃபைப்ரினோஜன் மாதிரியான போர்க்காலப் புரதங்களை அதிகம் செய்கிறது. உடம்பெங்கும் அழற்சி பரவினால் தந்துகிகளின் இடைவெளி அகன்று, இருக்கும் ஆல்புமினும் வெளியே ஒழுகும். பிளாஸ்டிக்கைத் தொட்ட ரத்தமும் தன் பங்குக்கு அழற்சியைக் கிளப்பும். ரத்தக்கசிவில் கொஞ்சம் போகும். ஏற்றிய திரவத்தால் நீர்த்தும் போகும். கடும் நோய் இருக்கும் குழந்தைக்கு இவை அத்தனையும் ஒன்றாக நடக்கும். அப்படியானால் அந்தக் குழந்தை இறப்பது ஆல்புமின் குறைந்ததாலா? அல்லது ஆல்புமினையும் குறைத்து, உயிரையும் பறித்தது அந்தக் கடும் நோயா?

பழைய பரிசோதனைத் தாள்களை எத்தனை முறை புரட்டினாலும் இதற்கு விடை கிடைக்காது. குலுக்கல் போட வேண்டும். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஒரே மாதிரி நோயுள்ளவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு மட்டும் புதுச் சிகிச்சை கொடுத்துப் பார்ப்பது மருத்துவத்தின் மிக நேர்மையான சோதனை. எக்மோவே அப்படித்தான் தேறியது. பிரிட்டனில் 185 பச்சிளங்குழந்தைகளை இப்படிப் பிரித்தார்கள். எக்மோ பிரிவில் 93 பேரில் 30 குழந்தைகள் இறந்தன. வழக்கமான சிகிச்சைப் பிரிவில் 92 பேரில் 54. வித்தியாசம் அவ்வளவு தெளிவாக இருந்ததால் புதிதாகக் குழந்தைகளைச் சேர்ப்பதைப் பாதியிலேயே நிறுத்தி, 1996-ல் முடிவை வெளியிட்டார்கள்.

ஆல்புமினுக்கும் குலுக்கல் சோதனைகள் நடந்தன, எக்மோ குழந்தைகளிடம் அல்ல என்றாலும். இத்தாலியில் 100 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில், கடும் நோய்த்தொற்றால் உறுப்புகள் பாதிக்கப்பட்ட 1,818 பெரியவர்களைச் சேர்த்தார்கள். ஒரு பிரிவுக்கு ஆல்புமினை 100 மில்லிக்கு 3 கிராமுக்குக் குறையாமல் ஊற்றி ஊற்றிப் பராமரித்தார்கள். மற்றவர்களுக்கு அப்படிச் செய்யவில்லை. 2014-ல் முடிவு வந்தது. 28 நாளில் இறந்தவர்கள் ஒரு பிரிவில் 31.8 சதவீதம், மற்றதில் 32.0 சதவீதம். எண் உயர்ந்தது. இறப்பு அசையவில்லை.

இன்னொன்று எனக்கு அதிர்ச்சியாகவே இருந்தது. உகாண்டா, கென்யா, தான்சானியாவில் கடும் காய்ச்சலோடு ரத்த ஓட்டம் குறைந்து வந்த 3,141 குழந்தைகளை மூன்றாகப் பிரித்தார்கள். முதல் பிரிவுக்கு ஆல்புமின் கரைசலை வேகமாக ஏற்றினார்கள். இரண்டாவதற்கு உப்புத் தண்ணீரை வேகமாக ஏற்றினார்கள். மூன்றாவதற்கு வேகமாக எதையும் ஏற்றவில்லை. இங்கே நோக்கம் ஆல்புமின் எண்ணை உயர்த்துவதல்ல, ரத்த ஓட்டத்தைச் சீராக்குவது. 2011-ல் வெளியான முடிவு: 48 மணி நேரத்தில் இறந்தவர்கள் ஆல்புமின் பிரிவில் 10.6 சதவீதம், உப்புத் தண்ணீரில் 10.5. வேகமாக எதையும் ஏற்றாத பிரிவில்? 7.3! உதவும் என்று உலகமே நம்பிய ஒன்று அந்தக் குழந்தைகளுக்குக் கெடுதல் செய்திருந்தது. குலுக்கல் போட்டுப் பார்த்திராவிட்டால் இது வெளியே வந்திருக்காது.

அதற்காக ஆல்புமின் பாட்டிலைத் தூக்கி எறியச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எந்திரத்தை நிரப்பும்போது நாம் போட்ட கணக்கை நினைத்துப் பாருங்கள். அங்கே ஆல்புமின் குறைவது நோயால் அல்ல, நாம் கலக்கும் தண்ணீரால். அந்தக் குறைவை ஈடுகட்டுவதில் நியாயம் இருக்கிறது. குழந்தை மிகவும் வீங்கிவிட்டால் அதற்கும் டாக்டர்கள் யோசித்துக் கொடுப்பார்கள். ஆனால் தாளில் எண் குறைவாக இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஊற்றினால், தந்துகிகள் ஒழுகிக்கொண்டிருக்கும் நேரத்தில் அதுவும் வெளியே ஒழுகி, கூடவே தண்ணீரையும் இழுத்துப் போகலாம்.

எக்மோ குழந்தைகளிடம் பெரிய குலுக்கல் சோதனை நடத்துவது ஏன் கஷ்டம் தெரியுமா? ஒரு மருத்துவமனையில் வருடத்துக்கு வரும் எக்மோ குழந்தைகள் குறைவு. ஒவ்வொருவருக்கும் வேறு வேறு நோய், வேறு வயது. அதனால்தான் 1989-ல் எல்சோ என்ற அமைப்பைத் தொடங்கி, உலகம் முழுக்க உள்ள மருத்துவமனைகளின் எக்மோ விவரங்களை ஒரே இடத்தில் சேர்த்துவருகிறார்கள். அந்தக் குவியலில் தேடினால் எந்த எண் எதனோடு சேர்ந்து வருகிறது என்று தெரியும். எது எதற்குக் காரணம் என்பதைக் கண்டுபிடிக்க வேறு வேலை செய்ய வேண்டும்.

உங்களுக்கு ஒரு புதிர். எக்மோவில் இரண்டு பாப்பாக்கள். இருவருக்கும் முதல் நாள் ஆல்புமின் 2.0. நான்காம் நாள் காலை முதல் பாப்பாவுக்கு 3.0, இரண்டாவது பாப்பாவுக்கு 2.7. முதல் பாப்பாவின் தாளில் மூன்று நாளும் ஆல்புமின் ஏற்றியதாகக் குறிப்பு இருக்கிறது, இமை இன்னும் வீங்கியே இருக்கிறது. இரண்டாவது பாப்பாவுக்கு நேற்றும் இன்றும் எதுவும் ஏற்றவில்லை. சிறுநீர் நன்றாகப் போகிறது, வீக்கம் வடிந்து மணிக்கட்டில் மடிப்பு தெரிகிறது. எந்த எண்ணைப் பார்த்து டாக்டர் அதிகம் சந்தோஷப்படுவார்? பதிலை எழுதும்போது காரணத்தையும் சேர்த்து எழுதுங்கள்.